கிருஷ்ணகிரி மாந்தோப்பில் மௌன தியானம்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாத்திமா அன்னை திருத்தலத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டுவிட்டு, ஊருக்கு வெளியே மாந்தோப்புக்குள் இருக்கும் ஒரு தியான இல்லத்துக்கு ஆட்டோ பிடித்தேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் பேச்சு கிடையாது. தினம் ஒருமுறை சாமியாரைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

காலை நேரம் இதமாகப் போனது. தியானிக்க மாற்கு நற்செய்தி 1:35-ஐச் சாமியார் கொடுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடியிருக்கிறது. அத்தனை பேரைக் குணமாக்கிய இயேசு, விடியுமுன் எழுந்து தனியிடம் தேடிப் போய் வேண்டுகிறார். வாசிப்பது, அசைபோடுவது, மன்றாடுவது, கடவுள் முன்னால் சும்மா இருப்பது: 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி வகுத்த படிகள் இவை.

மதியம்தான் பெரும்பாடு. கருங்கல் பாறைகள் அனல் கக்கும். களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டதும் கண் சொருகும். கடிகார முள் நகராது. வீட்டுக் கடன், தம்பியோடு நின்றுபோன பேச்சு என்று மனசு ஓடும்.

“ஜெபமே வரலீங்க சாமி” என்றேன்.

“எழுந்து மட்டும் போயிடாதப்பா” என்றார்.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். சூரியன் நின்றுவிட்டதுபோல் தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீளும், துறவி ஜன்னலையே பார்ப்பார், இருக்கும் இடமே வெறுத்துப்போகும். அதை அவர் நண்பகல் பேய் என்கிறார். “போய் உன் அறையில் உட்கார், அறையே உனக்கு எல்லாம் கற்றுத்தரும்” என்றார் அதே பாலைவனத்துத் துறவி அப்பா மோசே.

உட்கார்ந்தேன். மூச்சை இழுக்கையில் “ஆண்டவர் இயேசு கிறிஸ்துவே, இறைமகனே”, விடுகையில் “பாவி என்மேல் இரக்கமாயிரும்”. கிழக்குத் திருச்சபைகள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் ஜெபம். அமைதி வரவில்லை, தம்பிதான் வந்தான். விரட்டாமல் அவனுக்காகவே அதைச் சொல்லத் தொடங்கினேன். ‘என்மேல்’ என்பது ‘எங்கள்மேல்’ ஆனது. அதற்குப் பிறகு மதியம் எனக்குப் போதவில்லை. கடவுளோடு தனியாக இருக்கலாம் என்றுதான் போகிறோம். நாம் ஒதுக்கி வைத்தவர்களை அவர் கூடவே அழைத்து வந்துவிடுகிறார்.

போக நினைப்பவர்களுக்கு: மே மாதம் மாம்பழம் உண்டு, வெயிலும் கொளுத்தும். டிசம்பர், ஜனவரி சுகம். ராத்திரிக்குப் போர்வை வேண்டும். பைபிளும் ஒரு நோட்டும் போதும். வேறு புத்தகம் வேண்டாம், மதியம் அதற்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றும்.