மீன்பிடி உரிமச் சீட்டு

அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழக மனநலத் துறைப் பேராசிரியர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் செய்த ஆய்வு மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கொக்கெய்ன் பழக்கத்தை விட வந்தவர்களின் சிறுநீரில் போதை இல்லையென்றால் உடனே ஒரு வவுச்சர். முதல் தடவை 2.50 டாலர். அடுத்தடுத்து 1.25 கூடும். ஒருமுறை சறுக்கினால் மறுபடி முதலிலிருந்து. ரொக்கம் கிடையாது. அந்த மதிப்புக்கு மீன்பிடி உரிமம், சைக்கிள் சாமான், படிப்புக்கான புத்தகம் என்று ஊழியர்களே வாங்கித் தருவார்கள்.

1994-இல் வெளியான முடிவு: வவுச்சர் பெற்ற குழு, பெறாத குழு இரண்டுக்கும் ஒரே ஆலோசனைதான். வவுச்சர் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரமும் சிகிச்சையில் நின்றார்கள், பெறாதவர்களில் 40 சதவீதம்தான்.

குடிநோயாளியைத் திட்டித்தான் திருத்த முடியும் என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். இன்று அதை நினைத்தால் வலிக்கிறது.