மாம்பழக் காலத்தில் மாட்சா

மே 4, கிருஷ்ணகிரி

பெங்களூரிலிருந்து வந்த மகள் பையிலிருந்து 30 கிராம் டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள். மாட்சா என்ற ஜப்பான் பச்சைத் தேயிலைப் பொடி. மூடியைத் திறந்ததும் அத்தை எட்டிப் பார்த்து, "மருதாணிப் பொடியா கண்ணு?" என்று பேத்தியைக் கேட்டார். நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முகர்ந்தால் அறுத்த புல் வாடையோடு லேசாகக் கடற்பாசி வாடையும் வந்தது.

பச்சைத் தேயிலையை அரைத்தால் மாட்சா ஆகிவிடாதாம். பறிப்பதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே தோட்டத்துக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் குறையக் குறைய இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. வெயில் பட்டால் துவர்ப்பாக மாறிவிடக்கூடிய தியானின் என்ற சத்தும் இலையிலேயே தங்கிவிடுகிறது. பிறகு ஆவி காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு எந்திரம் ஒரு மணி நேரத்தில் அரைப்பது ஏறத்தாழ 40 கிராம்தான். வேகத்தைக் கூட்டினால் சூட்டில் மணம் போய்விடும். எங்கள் தெரு மாவு மில்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

மகளுக்குப் பழம் போட்டு, ஐஸ் போட்டுக் குடிக்க வேண்டும். கடைகளில் ஒரு கோப்பைக்குக் கேட்கும் விலையைச் சொன்னாள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் பழத்துக்கா பஞ்சம்?

மே 6

முதலில் தண்ணீர் விவகாரம். எங்கள் போர் தண்ணீரில் தேநீர் வைத்தால் மேலே எண்ணெய் மினுப்பாக ஒரு படலம் கட்டும். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து செய்யும் வேலை. மாட்சாவும் அதில் மங்கலாகவே வந்தது. நுரை நிற்கவில்லை.

ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் கலக்கியபோது நிறமே வேறு. இந்த மாவட்டத்திலும் தருமபுரியிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். என் வயதுக்காரர்கள் பலரின் பல்லில் அந்தப் பழுப்புக் கறையைப் பார்க்கலாம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவிக்கு 2008இல் கையெழுத்தாகி, 2013இல் திறந்தார்கள். ஜப்பான்காரர் கொடுத்த கடனில் வந்த காவிரித் தண்ணீரில் ஜப்பான்காரரின் தேயிலைப் பொடியைக் கரைக்கிறேன் என்று சொன்னேன். மகள் சிரிக்கவில்லை, அவள் அப்பா சிரித்தார்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் வகை. முற்றிய இலையில் அதிகம், கொழுந்தில் குறைவு. மாட்சாவில் நாம் இலையை வடிகட்டாமல் அப்படியே விழுங்குகிறோம். புளூரைடு உள்ள போர் தண்ணீரையும் அதோடு சேர்ப்பது அறிவுடைய செயல் அல்ல. இந்த வீட்டில் மாட்சாவுக்குக் குழாய்த் தண்ணீர் மட்டுமே, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தம்ளர் மட்டுமே.

மே 11

கலக்கும் முறை கைக்கு வந்துவிட்டது. மாட்சாவை நுரைக்க அடிக்கும் மூங்கில் கலக்கி வாங்கவில்லை. மோர் மத்து இதற்குப் பெரிது. அரைத் தம்ளர் தண்ணீரில் அது புரள இடமில்லை. ஒரு தேக்கரண்டி பொடியை, அதாவது சுமார் 2 கிராம், சல்லடைக் கண் நெருக்கமான டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்துச் சலிக்க வேண்டும். சலிக்காவிட்டால் குட்டிக் குட்டி உருண்டைகள். வாயில் கடிபட்டால் கசக்கும். கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, 70 முதல் 80 டிகிரியில், கால் தம்ளர் ஊற்றி, இறுக்கமான மூடி போட்ட சிறு பாட்டிலில் குலுக்கினால் போதும். கொதிநீரை அப்படியே ஊற்றினால் கசப்புத் தூக்கலாகிவிடும். பொடி கரைவதில்லை, மிதக்கிறது, அவ்வளவுதான். வைத்துவிட்டுப் போனால் அடியில் வண்டல் கட்டும். கலக்கியதும் குடித்துவிட வேண்டும்.

பாலைக் காய்ச்சி ஆறவைக்கிறோம் அல்லவா, அந்த ஏடு மாட்சாவின் மேல் மிதந்தால் பார்க்கச் சகிக்காது. வடிகட்டித்தான் ஊற்றுகிறேன். அந்த ஏடு அத்தைக்கு, சர்க்கரை தூவி.

அடுக்கடுக்காக நிறம் தெரிவதில் மாயம் ஒன்றுமில்லை. சர்க்கரை சேர்ந்த பழக்கூழ் கனமானது, கீழே உட்காரும். அதன் மேல் ஐஸ், பிறகு பால். கடைசியில் ஐஸ் கட்டியின் மேல் படும்படி மாட்சாவை மெல்ல ஊற்றினால் மேலேயே நிற்கும். மகள் படம் எடுத்து முடிக்கும்வரை நிற்கிறது. பிறகு கலக்கித்தான் குடிக்கிறோம்.

மே 18

அல்போன்சா. சந்தையில் பார்த்ததும் வாங்கிவிட்டேன். கூழாக்கி, மேலே மாட்சா ஊற்றியதைக் குடித்த எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். இருக்காமல் என்ன செய்யும், அல்போன்சா ஆயிற்றே. மாட்சாவைத்தான் காணவில்லை. பச்சை நிறத்தில் மாம்பழ மில்க் ஷேக் குடித்ததுபோல் இருந்தது. பொடியை இரட்டிப்பாக்கினால் கசப்பு மட்டும் கூடுகிறது, தேயிலை மணம் எழவில்லை. இவ்வளவு விலை கொடுத்த பழத்தையும் இவ்வளவு விலை கொடுத்த பொடியையும் ஒரே தம்ளரில் மோதவிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அல்போன்சாவை வெட்டித் தட்டில் வைத்துச் சாப்பிடுவதே மரியாதை.

செந்தூராவும் ஏறக்குறைய அப்படியே. இனிப்பு முந்திக்கொள்கிறது.

மே 25

தருமபுரியிலிருந்து திரும்பும் வழியில் சாலையோரம் நுங்கு வாங்கி வந்தோம். மகளின் யோசனை: பால் வேண்டாம், இளநீர். நுங்கைத் தோல் உரித்துச் சிறு துண்டுகளாக்கித் தம்ளரின் பாதிவரை போட்டு, குளிர்ந்த இளநீர் ஊற்றி, மேலே மாட்சா. சர்க்கரை இல்லை.

நான் எதிர்பார்க்கவில்லை. நுங்குக்குச் சொந்த மணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, புளிப்பும் இல்லை. அதனால் தேயிலையின் ருசி முழுவதும் தெரிகிறது. இளநீரின் மெல்லிய உப்பு அதைத் தூக்கிக் கொடுக்கிறது. நுங்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போக, கசப்பு நாக்கில் ஒரு கணம் நின்று மறைகிறது. "இதைக் குடிக்கலாம்" என்றார் அத்தை. அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ஜூன் 1

எலுமிச்சை. பாலோடு சேர்த்தால் திரிந்துவிடும், சொல்லத் தேவையில்லை. தண்ணீரோடு சேர்த்தால் குடிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் புளிப்புப் பச்சையத்துக்கு எதிரி. அதிலுள்ள மக்னீசியத்தைக் கழற்றிவிடும். உடனே குடித்தால் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து மாலையில் எடுத்தால் பச்சை போய்ப் பாசி பிடித்த பழுப்புக்கு வந்திருக்கும்.

ஜூன் 15

பெங்களூரா வந்துவிட்டது. கிளிமூக்கு மாங்காய் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் புரியும். கூழ் ஆலைகளுக்குப் போகும் வண்டிகள் சாலையில் வரிசை கட்டி நிற்கின்றன. ஆலை என்ன விலை கொடுக்குமோ அதுதான் விவசாயிக்கு. வீட்டில் பழமாகச் சாப்பிட யாரும் பெங்களூராவைக் கேட்டு வாங்குவதில்லை. காயாக இருக்கும்போது உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பதோடு சரி.

மாட்சாவுக்கு இதுதான் பழம். இதை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சதை கெட்டி, மணம் அடக்கம், நன்றாகப் பழுத்த பிறகும் ஓரத்தில் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பு பாலைத் திரியவைக்கும் அளவு இல்லை, பால் குளிர்ந்திருந்தால். தேயிலையின் துவர்ப்பை அது அடக்குவதில்லை, தேயிலையும் அதை அடக்குவதில்லை. தோலில் பச்சை விலகி மஞ்சள் பரவி, காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக இளகும் பழமாகப் பார்த்து எடுக்க வேண்டும். கூழில் ஒரு சிட்டிகை உப்பு. நாட்டுச் சர்க்கரை போட்டுப் பார்த்தேன், அதன் மணம் குறுக்கே வருகிறது. வெள்ளைச் சர்க்கரையே சரி.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு தம்ளர் கொடுத்தேன். எந்தப் பழம் என்று அவர் கண்டுபிடிக்கவில்லை. பெங்களூரா என்று சொன்னதும், "அதிலா!" என்றார்.

ஜூன் 22

அத்தைக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தேயிலைத் துவர்ப்பு இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். எனவே மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளித்தான் அவருக்கு மாட்சா. மாலை ஆறுக்கு மேல் யாருக்கும் இல்லை, காஃபின் தாராளமாக இருக்கிறது. என் கணவர் இதைக் கேட்டுக்கொள்ளாமல் இரவு ஒன்றரை மணிவரை பழைய கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 6

நீலம் மாம்பழம் வந்திருக்கிறது. வெட்டிப் பார்க்காமல் கூழாக்கக் கூடாது, கொட்டைக்குள் வண்டு இருக்கும். ருசி அல்போன்சா பக்கம் சாய்கிறது. மாட்சாவோடு சேர்க்க மனமில்லை. அதனால் பெங்களூராக் கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்திருக்கிறேன்.

டப்பாவில் அடி தெரிகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காமல் வெளிச்சூட்டுக்கு வரவிட்டுத் திறந்ததால் ஈரம் கோத்துக் கட்டியாகவில்லை. அடுத்த முறை உயர்ந்த தரம் வேண்டாம், பழத்தோடு கலப்பதற்கு நடுத்தரம் போதும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

தருமபுரி நாத்தனார் அளவு கேட்டு அனுப்பியிருந்தார். எழுதி அனுப்பியது: பெங்களூராக் கூழ் நான்கு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு சிட்டிகை, தம்ளர் நிறைய ஐஸ், வடிகட்டிய குளிர்ந்த பால் அரைத் தம்ளர், மாட்சா ஒரு தேக்கரண்டி கால் தம்ளர் ஒகேனக்கல் தண்ணீரில். பாலுக்குப் பதில் இளநீர் என்றால் சர்க்கரையைப் பாதியாக்கவும்.