அதே எலும்புக்கு இரண்டாம் தடவை ரேடியேஷன்

எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு ஒருமுறை ரேடியேஷன் கொடுத்து, சில மாதம் ஆறுதலாக இருந்துவிட்டு, அதே இடத்தில் வலி திரும்பும்போது, "அங்கே ஏற்கெனவே கொடுத்தாச்சு, இனி மோர்பினைக் கூட்டுறதுதான்" என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறு. அதே எலும்புக்கு மறுபடி கொடுக்கலாம். முதல் தடவை கேட்காத வலிகூட இரண்டாம் தடவை கேட்பதுண்டு.

எவ்வளவு பலன் என்றால், சிகிச்சையை முடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு. 2014இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் 850 பேர். ஒரு பகுதியினருக்கு 8 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) ஒரே தடவையில். மற்றவர்களுக்கு 20 கிரே, பல நாட்களாகப் பிரித்து. இரண்டு மாதத்தின் பின், திட்டப்படி சிகிச்சை முடித்துக் கணிக்க முடிந்தவர்களில் முறையே 45 வீதம், 51 வீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. சேர்ந்த எல்லோரையும் வைத்துக் கணக்கிட்டால் 28, 32 வீதம்தான். பசியின்மையும் வயிற்றோட்டமும் பல தடவை கொடுத்தவர்களிடம் கூடுதல். வெள்ளவத்தையிலிருந்து மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு, ஒவ்வொரு குழியிலும் முதுகு துடிக்க, ஓட்டோவில் ஐந்து நாள் போய்வரும் ஒருவருக்கு அந்தச் சிறு வித்தியாசம் பெறுமதியா? எங்கள் அபிப்பிராயம்: எலும்பு முறிவோ நரம்பு நசிவோ இல்லாத சிக்கலற்ற வலியென்றால் ஒரே 8 கிரே போதும்.

முதல் சிகிச்சைக்குப் பின் குறைந்தது நான்கு வாரம் போகவேண்டும். அதற்கு முன் "பலனில்லை" என்று சொல்ல முடியாது. வலி குறையவே அவ்வளவு காலம் எடுக்கலாம்.

முதலில் அது எந்த வலி என்று பார்க்கவேண்டும். படுத்திருந்தாலும் இரவு முழுக்க நோகும் வலிக்கு ரேடியேஷன் நன்றாகக் கேட்கும். காலை ஊன்றினால் மட்டும் குத்தும் தொடை வலி வேறு கதை: எலும்பு முறியும் நிலையில் இருக்கலாம். தொடை எலும்பின் வெளிச்சுவர் நெடுக்காக 3 சென்ரிமீற்றருக்கு மேல் அரித்திருந்தால் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் பார்க்கவேண்டும். கம்பி வைத்த பிறகே ரேடியேஷன். கதிர் பட்ட எலும்பு இறுக மாதக்கணக்காகும், அதுவரை அது தாங்காது. இடுப்பு மூட்டில் உள்ள கட்டி முழங்காலில் நோகச் செய்வதும் உண்டு. ஆகவே பழைய படத்தை நம்பாமல் புது எக்ஸ்ரே கேளுங்கள்.

முள்ளந்தண்டில்தான் கணக்கு இறுக்கம். முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டு) தாங்கும் அளவை, மொத்தக் கிரேயோடு ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே கணிப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரே 8 கிரே 40 அலகு. ஐந்து தடவையில் 20 கிரே 60. பத்துத் தடவையில் 30 கிரே 75. இரண்டு சிகிச்சையும் சேர்ந்து ஏறக்குறைய 135க்குள், எந்த ஒன்றும் 98ஐத் தாண்டாமல், இடையில் ஆறு மாதமாவது இருந்தால் முண்ணாண் பாதிக்கப்படும் ஆபத்து மிகக் குறைவு. 30 கிரேக்குப் பின் 8 கிரே என்றால் 115, இடமிருக்கிறது.

இதைக் கணிக்கப் பழைய விபரம் வேண்டும். "ரேடியேஷன் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிய டயக்னோசிஸ் கார்டால் பயனில்லை. மொத்தக் கிரே, எத்தனை தடவை, திகதி, எந்தெந்த முள்ளெலும்பு என்ற நான்கும் தேவை. முதல் சிகிச்சை தெல்லிப்பழையிலோ கண்டியிலோ சென்னையிலோ நடந்திருந்தால், வார்டில் அல்ல, கதிர்ச்சிகிச்சைப் பிரிவிலேயே கேட்டு எடுங்கள். அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்கு முன்பே அது கையில் இருக்கட்டும்.

அன்று தட்டையான கடினப் படுக்கையில் அசையாமல் கிடக்கவேண்டும். பலருக்கு இதுதான் பெரிய பாடு. உடனே வேலை செய்யும் மோர்பினை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுக்கலாம். மேலதிக வேளைக்கு வழமையான அளவு நாள் மொத்தத்தில் ஆறில் ஒன்று: 60 மில்லிகிராம் எடுப்பவருக்கு 10. கீழ் முதுகு என்றால் குமட்டலுக்கு ஒன்டன்செட்ரோன் கேளுங்கள். மோர்பினோடு சேர்ந்து அது மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் மலமிளக்கியான லக்ருலோசை விட்டுவிட வேண்டாம்.

முதல் சில நாட்களில் வலி கூடலாம். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வரும், பயப்பட ஒன்றுமில்லை. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் 8 மில்லிகிராம், சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பும் அடுத்த நான்கு நாளும் கொடுத்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 35 வீதம் பேருக்கும் இதை எடுத்தவர்களில் 26 வீதம் பேருக்கும் இப்படி வலி கூடியது. சீனி வருத்தக்காரருக்கு இது சீனியை ஏற்றிவிடும். பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவேண்டாம். காலையில் கொடுத்தால் தூக்கமும் கெடாது.

வலி குறைந்தபின் ஆள் திடீரென்று தூங்கித் தூங்கி விழுந்தால், பழைய மோர்பின் அளவு இப்போது கூடிவிட்டது என்று பொருளாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். திடீரென நிறுத்தவும் கூடாது.

கால் பலமிழத்தல், சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடம் (பிட்டம்) மரத்துப்போதல், இவை முண்ணாண் நசிவதன் அறிகுறிகளாக இருக்கலாம். எது வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழைத்து ஈ.டி.யூ.வுக்கு (வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு) போங்கள். நடக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார்.

சில நாட்களே மிஞ்சிய ஒருவரை மட்டும் இதற்காக அலைக்கழிக்கவேண்டாம். பலன் வர வாரங்கள் வேண்டும். அவருக்கு மோர்பினைச் சரியான அளவில் வீட்டிலேயே கொடுப்பது நல்லது.