தீபாவளிக்கு வாசலில் பூ வேண்டுமென்றால் இப்போதே விதையுங்கள்

செண்டு, ஜின்னியா, காஸ்மோஸ் எல்லாமே விதைத்து ஏறத்தாழ 8 வாரத்தில் பூக்கிற செடிகள். அப்படியானால் ஆகஸ்ட் கடைசியில், மிஞ்சிப்போனால் செப்டம்பர் தொடக்கத்தில், விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். பண்டிகைக்கு முதல் வாரம் நர்சரியில் பூத்த செடியாக வாங்கி வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஏற்கெனவே பாதி ஆயுளை முடித்துவிட்டு வருகிற செடி, நம் கையில் கொஞ்ச நாள்தான் நிற்கும்.

பாக்கெட்டின் பின்னால் ‘உறைபனி முடிந்தபின் விதைக்கவும்’ என்று போட்டிருப்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. கோலாலம்பூரில் வருஷம் முழுக்க சூடு, பகல் எப்போதும் சுமார் 12 மணி நேரம், எந்த மாதமும் விதைக்கலாம். பார்க்க வேண்டியது மழையைத்தான். அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் கொட்டும் மழை பிஞ்சு நாற்றைச் சாய்த்துவிடும், அதற்குள் தண்டு தடித்துவிட்ட செடி தாங்கும். பாக்கெட்டில் பான்சிப் பூவின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அதெல்லாம் கேமரன் மலைக் குளிருக்கு. நம் வெயிலுக்கு ஜின்னியா, மஞ்சள் காஸ்மோஸ், கோழிக்கொண்டை, வாடாமல்லி. சாமி மாலையில் கட்டுகிற செண்டுகூட மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடிதான், வெயில் அதற்குப் பழக்கம்.

செண்டு விதையை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு முனை கறுப்பு ஊசி, மறுமுனை வெளிர்மஞ்சள் குஞ்சம். கறுப்பு முனை கீழே போகும்படி செருகலாம், படுக்கவும் வைக்கலாம், மேலே கால் அங்குல மண் போதும், ஒரு வாரத்துக்குள் முளைக்கும். கோழிக்கொண்டை விதை பொடிப்பொடியாகக் கறுப்பாக மின்னும், அதைத் தூவி லேசாக அமுக்கிவிட்டாலே சரி. வாடாமல்லி விதை பஞ்சு போர்த்தியிருக்கும், ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள், முளைக்க 2 வாரம்கூட ஆகலாம், பொறுங்கள்.

தேங்காய் நார்த்தூளோடு கொஞ்சம் மணல் கலந்தால் தண்ணீர் தேங்காது. இதுதான் முக்கியம், ஏனென்றால் மண் சதா ஈரமாகவே இருந்தால் நாற்றின் அடித்தண்டு மெலிந்து பழுப்பாகி, காலையில் பார்த்தால் படுத்திருக்கும், அப்புறம் எழாது. காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள், இலையில் படாமல் வேரில். ஜின்னியா இலையில் வெள்ளைப் பொடி பூப்பதும் அதனால் குறையும். குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் இல்லாத கொண்டோ பால்கனியில் நாற்று வெளுத்து நீண்டு போகும். நாலைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும்.

காசித்தும்பையை நான் விடவே மாட்டேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அம்மா வளர்த்த பூ அது. முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்துச் சுருண்டு விதையைச் சிதறடிக்கும், அதனால் வெடிக்கும் முன்பே ஒரு சின்னத் துணிப்பையைக் காய்மேல் கட்டிவிடுங்கள். எஃப்1 கலப்பினம் (இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை) என்று போட்ட பாக்கெட் விதையில் வளர்ந்த செடியிலிருந்து மட்டும் விதை எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை அதே நிறத்தில், அதே உயரத்தில் வராது.