பச்சைப் புள்ளிக்குள் நடப்பது

செப்டம்பர் 8, 2025

ஆடிட் முடிவு வந்துவிட்டது. தென்காசியில் வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்கள் குழுத் தம்பிக்கு 88 விழுக்காடு. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, நோய்களுக்குரிய குறியீடுகளை, அதாவது கோடுகளை, இடுவதுதான் எங்கள் மெடிக்கல் கோடிங் குழுவின் வேலை. துல்லியம் 95-க்குக் கீழே போனால் வாடிக்கையாளர் விடமாட்டார். மவுஸ் அசைவைக் கண்காணிக்கும் மென்பொருள் போடலாம் என்கிறது மனிதவளத் துறை. மவுஸ் நன்றாகவே அசைகிறது. அவன் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணைவதே இல்லை. தவறெல்லாம் அந்தப் பச்சைக்குள்தான் நடக்கிறது.

செப்டம்பர் 9

அவன் தவறு செய்த சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் குறிப்புகளை, திறந்து பார்த்தேன். பெரும்பாலும் ஒரே வகை: சர்க்கரை நோயோடு நாள்பட்ட சிறுநீரக நோயும் உள்ள முதியவர்கள். தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதாதவரை இரண்டும் தொடர்புடையவை என்றே கொள்ள வேண்டும் என்பது நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐ.சி.டி.-10-இன் விதி. சிறுநீரக நோயோடு கூடிய சர்க்கரைக்கான இ11.22 (E11.22) போட்டு, சிறுநீரக நோயின் நிலையை என்18 (N18) வரிசையில் சேர்க்க வேண்டும். இவனோ சிக்கலற்ற சர்க்கரைக்கான இ11.9-ஐப் போட்டு நகர்ந்திருக்கிறான். மூன்றாம் நிலையை 3ஏ, 3பி என்று 2020 அக்டோபரிலேயே பிரித்தாயிற்று. மருத்துவர் 3பி என்று தெளிவாக எழுதிய இடத்திலும் இவன் பொதுவான என்18.30-இல்தான் நிற்கிறான்.

எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகளுக்குக் கோடு போடும் ரேடியாலஜி குழுவிலிருந்து ஜூலையில் வந்தவன். அங்கே அறிக்கை ஒரு பக்கம். இங்கே நாற்பது பக்கமும் வரும். பயிற்சி என்ற பெயரில் கொடுத்தது ஒரு பி.டி.எஃப்.

செப்டம்பர் 11

வீடியோ அழைப்பு. மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், ஒரு சார்ட்டைத் திரையில் விரித்து, "நீங்கள் கோடு போடுங்கள், நான் பார்க்கிறேன்" என்றேன். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள், தம்பி?"

"குரூப்பில் கேட்டால் எல்லாரும் பார்ப்பார்கள், மேடம்."

அலுவலகம் என்றால் பக்கத்து நாற்காலியில் முணுமுணுத்தே கேட்டுவிடலாம். இனி தினமும் நான்கு மணிக்குக் கால் மணி நேரம், நாங்கள் இருவர் மட்டும். மதிப்பெண் ஏறும்வரை, தினமும் முடிக்க வேண்டிய டார்கெட் பாதி. மேலாளர் முகம் சுளித்தார்; சுளிக்கட்டும். அக்டோபர் 10-க்குள் 95 வராவிட்டால் ரேடியாலஜிக்கே திருப்பி அனுப்புவேன் என்பதையும் மின்னஞ்சலில் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. ஆண்டுதோறும் அமெரிக்காவின் புதிய கோடுகள் நடைமுறைக்கு வருவதும் இதே தேதியில்தான். பாதிப் பேர் விடுப்பு. தம்பி நான்கு மணிக்கு முன்பே அழைத்தான், கேள்விகளைப் பட்டியலிட்டு வைத்திருந்தான்.

அக்டோபர் 10

94. சர்க்கரை, சிறுநீரகத் தவறு ஒன்றுகூட இல்லை. இப்போது இடறுவது இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் சேரும் இடத்தில். அங்கேயும் அதே தொடர்பு விதிதான். கெடு என்றால் கெடுதான் என்கிறார் மேலாளர். இரண்டு வாரம் நீட்டித்துக் கையெழுத்திட்டேன். டார்கெட்டை முக்காலாக உயர்த்தியதைச் சொன்னதும் தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று.