கோடு மேடா, பள்ளமா? களிமண் அச்சில் செய்து பார்த்தது

நாணயத்தில் தெரியும் விநோதம் நாணயச்சாலையில் நேர்ந்ததா, வெளியே அடிபட்டு வந்ததா என்று குழம்புகிறவர்கள் ஒரு தடவை களிமண்ணில் அச்செடுத்துப் பார்ப்பது நல்லது. படம் பார்த்துப் படிப்பதைவிட வேகமாகப் பிடிபடும்.

பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, டால்கம் பவுடரைத் துளி தூவி, நாணயத்தை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். அந்தக் குழிதான் இப்போது அச்சு, அதாவது நாணயச்சாலையில் உலோகத்தில் உருவத்தை அடிக்கும் கருவியின் இடத்தில் இருப்பது. அதில் குண்டூசியால் ஒரு கீறல். பிறகு இரண்டு கரண்டி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு ஒரு கரண்டி தண்ணீர் கலந்து ஊற்றி, 40 நிமிடம் விட்டு உரித்தால், கீறிய இடம் வார்ப்பில் மேடான கோடாக நிற்கும். அச்சில் விழுந்த விரிசல், கீறல் எல்லாமே நாணயத்தில் மேடாகத்தான் வரும். பள்ளமாக ஓடி, ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருந்தால் அது வெளியே விழுந்த வெறும் கீறல்.

மேடா பள்ளமா என்பதில் கண் ஏமாறும், படத்தில் இன்னும் மோசம். ஒரே விளக்கைப் பக்கவாட்டில் தாழ வையுங்கள். நிழல் விளக்குப் பக்கமே விழுந்தால் பள்ளம், எதிர்ப்பக்கம் விழுந்தால் மேடு.

இரண்டாவது வார்ப்பு இரட்டை அச்சுக்கு, அதாவது அச்சைச் செய்யும்போதே உருவம் சற்று விலகி இரண்டு தடவை பதிந்துவிடும் பிழைக்கு. நாணயத்தை ஒருமுறை அழுத்தி, தூக்கி, இம்மி திருப்பி, மறுபடி லேசாக அழுத்த வேண்டும். இங்கேதான் பலருக்கும் சொதப்பும்: இரண்டாம் தடவை பலமாக அழுத்தினால் முதல் பதிவு நசுங்கி மறைந்துவிடும். சரியாக வந்தால் எழுத்தின் நுனிகள் பிளந்து, எழுத்து வழக்கத்தைவிடத் தடித்துத் தெரியும். அசல் இரட்டை அச்சுக்கு அதுதான் அடையாளம். அடிக்கும்போது அச்சு ஆடிப்போனால் வருவது வேறு: ஏற்கெனவே எழுந்த எழுத்தின் ஓரம் நசுங்கி, தட்டையாகப் பளபளக்கும் படி மாதிரி ஆகும், எழுத்து மெலியும். சில்லறையில் அகப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அச்சே தேய்ந்து இரட்டை போலத் தோன்றுவதும் உண்டு. அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட்டில் புகழ்பெற்ற அசல் இரட்டை அச்சும் இருக்கிறது, கடைசி 5 மட்டும் நிழலாடும் தேய்ந்த அச்சும் இருக்கிறது.

களிமண்ணில் காட்ட முடியாதது விளிம்பு வெட்டு. தகடு வெட்டும்போதே துண்டு குறைந்திருந்தால், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். விளிம்பு மடிக்கும் இயந்திரத்தில் அந்த இடத்துக்கு அழுத்தம் கிடைக்காததுதான் காரணம். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் இழுபட்டு மெலியும். எதிர் விளிம்பு கச்சிதமாக இருந்து, எழுத்து கத்தியால் நறுக்கியதுபோல் நின்றால் யாரோ அறுத்த வேலை.

எழுத்து மங்கியிருந்தால் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (சிறு உருப்பெருக்கி) மேடான இடங்களைப் பாருங்கள். தேய்மானம் முதலில் அங்கேதான் கை வைக்கும். பக்கத்து எழுத்து கூர்மையாக இருக்க ஒன்று மட்டும் மங்கியிருந்தால், அச்சின் குழியில் கிரீஸ் அடைத்திருக்கலாம். எல்லா எழுத்தும் ஒரே சீராக மெலிந்து, 0.01 கிராம் தராசில் எடையும் கணிசமாகக் குறைந்தால் அமிலத்தைச் சந்தேகியுங்கள்.