தாருமா பொம்மை: கண் மட்டும் பாக்கி

தாருமா சிவப்புப் பூச்சு வரை வந்துவிட்டது. கை கிடையாது, கால் கிடையாது, உருண்டை உடம்பில் முறைக்கிற முகம். தள்ளிவிட்டால் எழுந்துகொள்கிறது. ஜப்பானில் வீட்டிலும் கடையிலும் தேர்தல் வேட்பாளர் அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்குமே, அதே பொம்மைதான். குன்மா மாகாணத்து தகாசாகி பாணியை எடுத்துக்கொண்டேன். அந்த நாட்டு தாருமாக்களில் பெரும்பகுதி அந்த ஊரில் செய்வதுதான்.

முதல் வேலை அச்சு. தகாசாகியில் ஷோரின்சான் தாருமாஜி என்றொரு கோயில் உண்டு. 1783இல் அசாமா எரிமலை வெடித்து, பஞ்சமும் சேர்ந்து வாட்டிய காலத்தில், அதன் ஒன்பதாவது தலைமைத் துறவி தோகாகு மர அச்சு செதுக்கி, உழவர்களுக்குக் காகித தாருமா செய்யக் கற்றுக்கொடுத்ததாகக் கோயில் வரலாறு சொல்கிறது. வயல் வேலை இல்லாத குளிர்காலத்தில் செய்து புத்தாண்டுச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். அப்போது அங்கே வீசும் வறண்ட காற்று காகிதத்தைச் சீக்கிரம் காயவைத்துவிடும். இங்கே ஐப்பசி ஈரத்தில் எனக்கு ஃபேன்தான் கதி.

மரத்துக்குப் பதில் களிமண்ணில் அச்சு பிடித்தேன். மேலே தேங்காய் எண்ணெய் தடவி, செய்தித்தாளைக் கையால் கிழித்து ஒட்டினேன். கத்தரித்த விளிம்பு மேடு தட்டும். கிழித்த விளிம்பு படிந்துவிடும். மைதா பசையில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வதுபோலத் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. (துத்தம் விஷம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.) ஒரு சுற்று செய்தித்தாள், அடுத்த சுற்று வெள்ளைத்தாள் என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போச்சு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் முதுகில் கீறி அச்சை உருவி, கீறலை மறுபடி ஒட்ட வேண்டும்.

அடிப்பாகம்தான் இந்தப் பொம்மையின் உயிர். தஞ்சாவூர் பொம்மை உருட்டி விளையாடியவர்களுக்கு இது புதிதில்லை: அடி வளைவு, கனம் முழுக்க அதில். தலைப்பக்கம் காகிதம் தடித்தால் எழுந்திருக்கச் சோம்பல்படும். எனவே மேலே அடுக்குகளைக் குறைத்து, கீழே களிமண் வில்லை வைத்தேன். மண் காயும்போது சுருங்கி உள்ளே ஆடும் என்பதால், தனியாகக் காயவைத்த வில்லையைத்தான் ஒட்ட வேண்டும். எம்-சீல் சுலபம், ஆனால் வேண்டாம். ஒரு வருஷம் வைத்திருந்த தாருமாவைக் கோயிலில் திருப்பிக் கொடுத்து எரிப்பது அங்கே வழக்கம். எரிக்கக்கூடிய பொருளாகவே இருக்கட்டும்.

வெள்ளை அடிப்பூச்சுக்கு அவர்கள் மரபாகச் சிப்பி ஓட்டுத் தூளைத் தோல் பசையில் கலப்பார்கள். தச்சர்களின் வஜ்ரம் போன்ற பசை அது. நான் சாக்பீஸ் தூளையும் ஃபெவிகாலையும் கலந்து பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே சிவப்பு போஸ்டர் கலர். பொம்மை குறிக்கும் துறவியின் அங்கி நிறம் என்பது ஒரு காரணம். ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) பெரியம்மையைச் சிவப்பு விரட்டும் என்று நம்பிக் குழந்தைகளுக்குச் சிவப்புப் பொம்மைகள் கொடுத்தார்கள் என்பது இன்னொன்று.

முகத்துக்காரர் போதிதர்மர், சீனாவில் ஜென் பௌத்தத்தைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் துறவி. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது பழைய சீனக் குறிப்பு. காஞ்சிபுரத்தோடு அவரைச் சேர்த்தது பின்னால் வந்த மரபு. ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்துத் தியானித்ததில் கைகால் சூம்பிப்போனது என்று கதை. தூக்கம் வராமலிருக்க இமைகளை அறுத்தெறிந்தார் என்று இன்னொரு கதையும் உண்டு, பொம்மையின் வட்ட விழி அதோடு பொருந்துகிறது. புருவத்தைக் கொக்காகவும் மீசை தாடியை ஆமையாகவும் வரைவது தகாசாகி வழக்கம், இரண்டும் நீண்ட ஆயுளுக்கு. கொக்கின் கழுத்து மூக்குப் பக்கம் வளைய வேண்டும். அந்த ஒரு தூரிகை வீச்சுக்காகப் பழைய தாள்களில் நிறையப் பழகினேன்.

அதோடு நிறுத்தியாயிற்று, கண் வைக்கவில்லை. நம் ஊரில் சிலைக்குக் கண் திறப்பது ஸ்தபதி. தாருமாவிலோ செய்தவர் கை வெறுமையாக விட்ட கண் வட்டத்துக்குள் போகக்கூடாது. வாங்கியவர் ஒன்றை நினைத்துக்கொண்டு பொம்மையின் இடக்கண்ணை, அதாவது நமக்கு வலப்பக்கம் தெரிவதை, வரைவார். நினைத்தது நடந்தால் மற்றது. எல்லா ஊரிலும் இப்படி இல்லை. செண்டாய் பக்கத்து மாட்சுகாவா தாருமா இரண்டு கண்ணோடும்தான் விற்பனைக்கு வரும், முகத்தைச் சுற்றி நீலம். அழகுதான், ஆனால் எனக்குத் தகாசாகி ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. கடைசி வேலையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கிற கைத்தொழில் எத்தனை இருக்கிறது?

இது அக்கா மகளுக்கு. பன்னிரண்டாம் வகுப்பு.

"சித்தி, மார்க் வந்தப்புறம் ரெண்டாவது கண்ண நீங்க போடுவீங்களா?"

"நான் தொடவே கூடாது. ரெண்டும் நீதான்."

"அப்ப கோணலா வந்தா?"

"கோணலாவே இருக்கட்டும்டி."

அரக்கு பாலிஷ் ஒரு கை பாக்கி. கண் வட்டங்களில் படாமல் அடிக்க வேண்டும். அரக்கு வெள்ளையை மஞ்சளாக்கும், வழவழப்பில் மையும் நிற்காது.